அட்டெண்டன்ஸ் நான் பாத்துக்கறேன்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தாயிடம் நான் சொன்ன வார்த்தை இது. “கொஞ்ச நாளைக்கு வீட்லயே வெச்சிக்கம்மா. அட்டெண்டன்ஸ் நான் பாத்துக்கறேன்.” கடுகடுத்தெல்லாம் சொல்லவில்லை, தோளைத் தொட்டுத்தான் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு மஞ்சப்பை நிறைய முள்ளு கத்திரிக்காய் கொண்டுவந்து என் மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போனார். இலவம்பாடிக் கத்திரிக்காய் என்றால் எங்கள் வேலூர்ப் பக்கம் தனி மரியாதை. அடுத்த வருடமே, 2023-ல், அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அன்றைக்கு ராத்திரி அதை எண்ணெயில் வதக்கிக் குழம்பு வைத்தேன். ஒருத்தருக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியில் ஒரு கரண்டி சோறு கூடவே இறங்கியது. இப்போது அந்தக் குழம்பை நினைத்தாலே சங்கடமாக இருக்கிறது.

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. வேலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊர்ப் பெயர் வேண்டாம். இரண்டே ஆசிரியர்கள்: நான்காம், ஐந்தாம் வகுப்புகள் தலைமையாசிரியருக்கு, ஒன்று முதல் மூன்று வரை எனக்கு. அந்தப் பையனின் பெயரையும் எழுதப்போவதில்லை. வீட்டில் அவனைச் சாமி என்று கூப்பிடுவார்கள், இங்கேயும் சாமியாகவே இருக்கட்டும். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். 2022 ஜூனில் சாமி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். அதற்கு முன் ஒரு நர்சரிப் பள்ளியில் மூன்று மாதம் பணம் கட்டிப் பார்த்து, அவர்களே “வேற எடம் பாருங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பேச்சு இரண்டு மூன்று வார்த்தைதான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் நகர்வதை மணிக்கணக்கில் பார்ப்பான். இதெல்லாம் ஆட்டிசத்தின் அடையாளம் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அதே ஜூனில்தான் எங்களுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. கொரோனாவில் விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் பிள்ளைகள் எட்டிப் பிடிக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை, பாட்டு, கதை, கைதட்டல், ஆட்டம். நல்ல திட்டம், என் பிள்ளைகள் நிறையப் பேர் அதில்தான் வாசிக்கக் கற்றார்கள். ஆனால் ஒரே அறையில் இருபத்தேழு பேர் சேர்ந்து கைதட்டிப் பாடினால் எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். எங்களுக்கே சாயங்காலம் தலை கனக்கும். முதல் தட்டலிலேயே சாமி இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். அடுத்து மேசைக்கடியில் போவான். அடுத்து வாசல். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் உண்டு, இரும்புக் கேட்டும் உண்டு, கேட்டில் கொண்டி மட்டும் துருப்பிடித்து விழுந்து ஒரு வருடமாகியிருந்தது. கேட்டைத் தாண்டினால் பஸ் போகிற ரோடு.

நவம்பரில் ஒரு நாள், பதினொரு மணி வாக்கில், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். டீக்கடைக்காரர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு டிராக்டர் பிரேக் போட்டு நின்றதாம். அவன் முகத்தில் பயமே இல்லை. என் கால்தான் நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அவன் அம்மாவைக் கூப்பிட்டு நான் சொன்னதுதான் மேலே எழுதியிருப்பது. அவன் மேல் இருந்த அக்கறையால் சொன்னேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அக்கறை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில் என் மனதில் ஓடியது வேறு: ஏதாவது ஆகியிருந்தால் மெமோ எனக்குத்தானே வந்திருக்கும்? தலைமையாசிரியரிடம் சொன்னபோது அவரும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “பேரு ரோல்ல இருக்கட்டும் டீச்சர், பசங்க எண்ணிக்கை கொறையக் கூடாது” என்றார். அவருக்கு அது ஒரு கவலை. இரண்டு பேர் கவலையும் ஒரே இடத்தில் வந்து முடிந்தது.

வியாழக்கிழமை மட்டும் லீவு போடுகிற பையன்

பள்ளிக்கூடத்தில் வேலை செய்யாதவர்களுக்கு ஒரு விஷயம் விளங்காமல் போகலாம். வராத பிள்ளைக்கு வந்ததாகப் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு டிக் போடுகிறோம், பையன் வீட்டில் பத்திரமாக இருக்கிறான், அம்மாவுக்கு நிம்மதி. எட்டு மாதம் போன பிறகுதான் கணக்கு எனக்குப் புரிய ஆரம்பித்தது. அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை.

வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வருவார். நாங்கள் ஐ.இ. டீச்சர் என்போம். சிறப்புக் குழந்தைகளையும் மற்ற பிள்ளைகளோடு சேர்த்தே படிக்கவைக்கிற உள்ளடக்கிய கல்வியில் (அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஐ.இ.) தொகுப்பூதியத்தில் இருப்பவர். ஸ்கூட்டியில் பத்துப் பதினைந்து பள்ளி சுற்றுவார், எங்களுக்கு வியாழக்கிழமை. அவர் வருகிற ஒவ்வொரு வியாழனும் தலைமையாசிரியர் “இன்னிக்கு வரலம்மா” என்பார். அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குப் போவார். 2023 ஜூலையில் ஒரு நாள் பதிவேட்டைப் புரட்டிவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “டீச்சர், வியாழக்கெழம மட்டும் தவறாம லீவு போடற பையன நான் இப்பதான் பாக்கறேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

அப்புறம் அவர் கேட்டார்: “வீட்லதான் இருக்கான்னா சொல்லுங்க, வீட்டுவழிப் பயிற்சி லிஸ்ட்ல சேத்துடறேன். வாரத்துல ஒரு நாள் வீட்டுக்கே போய்ப் பயிற்சி குடுக்கலாம். ஸ்கூலுக்கு வரான்னு எமிஸ்ல இருக்கற புள்ளய எப்படி அந்த லிஸ்ட்ல போடறது?” எமிஸ் என்பது நாங்கள் தினமும் போனில் வருகை போடுகிற கல்வித் துறையின் இணையப் பதிவேடு. அங்கேதான் எனக்கு உறைத்தது. நான் போட்ட டிக் சாமியைப் பள்ளியிலும் இல்லாமல், வீட்டுவழிப் பயிற்சியிலும் இல்லாமல் நடுவில் நிறுத்தியிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும். வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால் மேல்பரிசோதனைக்கு எழுதிக்கொடுப்பார்கள். அவர்கள் வந்த அன்றைக்கும் சாமி வீட்டில்தான் இருந்தான். சிறப்புக் குழந்தைகளுக்கான மருத்துவ முகாம் அறிவிப்பு பள்ளிக்கு வரும், நாங்கள்தான் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். வராத பையனின் வீட்டுக்கு யார் ஞாபகமாகச் சொல்வது? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இப்படிப்பட்ட ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கீடு உண்டு. பெரிய தொகை இல்லை என்பது வேறு விஷயம், அதுவும் அவன் வீட்டு வாசலை எட்டவில்லை.

எரிச்சலோடு அன்று ராத்திரி சட்டத்தை எடுத்துப் படித்தேன். பயிற்சி வகுப்பில் கொடுத்த தாள் எங்கேயோ போய்விட்டது, போனில்தான் படித்தேன். 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் கிடையாது. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகத் தனியே வந்தது. இதைப் படித்தபோது, பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் இருந்த ஒரு பெண் பிள்ளை ஞாபகம் வந்தது. மனவளர்ச்சி குன்றியவர் என்று அவளுக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு யோசித்தால் அவளும் சாமி மாதிரிதான் இருந்தாள். அப்போது அவளுக்குப் போட வேறு கட்டம் இல்லை, இருந்த கட்டத்தில் போட்டார்கள்.

என்னைக் குத்தியது வேறு இரண்டு இடங்கள். 2016 சட்டத்தின் 31-ஆவது பிரிவு, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு, பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை தருகிறது, அதுவும் அந்தக் குழந்தையின் விருப்பப்படி. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தம், கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. தேர்ந்தெடுக்கலாம் என்றால் அவர்கள் தேர்ந்தெடுக்கலாம். இங்கே தேர்ந்தெடுத்தது நான். அதையும் சலுகை மாதிரிக் கொடுத்து, பதிலுக்குக் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டேன்.

இவ்வளவும் தெரிந்து அடுத்த நாளே ஓடிப்போய்ச் சாமியைக் கூட்டிவந்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஜூலை போனது, ஆகஸ்ட் வந்தது, நான் டிக் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்பது மாதம் போட்டதை இப்போது எப்படி நிறுத்துவது, நிறுத்தினால் யாராவது ஏன் என்று கேட்பார்களே. பொய்யைத் தொடங்கும்போது இந்தப் பயமெல்லாம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

புதன்கிழமைப் பொங்கல்

2023 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த நாள். ஊரே வந்து எட்டிப் பார்த்தது. தோரணம், பெற்றோர், வார்டு மெம்பர், ஒரே கூட்டம். சாமியின் அம்மாவும் எட்ட நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை என்னை வழியில் பிடித்துக் கேட்டார்: “டீச்சர், அவன் பேரும் ரோல்லதான கீது. அவனுக்கும் சாப்பாடு உண்டுங்களா? பொங்கல்னா அவனுக்கு உசுரு.” நான் என்ன சொல்ல? “இட்டுனு வாம்மா, புதன்கிழமை பொங்கல்தான்” என்றேன். சாப்பிடத்தானே, அரை மணி நேரம் என்ன ஆகிவிடும் என்று மனதில் கணக்கு.

புதன்கிழமை எட்டே காலுக்கு வந்துவிட்டார்கள். சாமி வளர்ந்திருந்தான். கையில் புத்தகப் பை இல்லை. ஒரு மஞ்சப்பை, அதற்குள் ஒரு தட்டும் டம்ளரும். அம்மா கையை உதறிவிட்டு நேரே வகுப்புக்குள் போனான். அவன் ஓடுகிறான் என்று நினைத்து நான் பின்னாலேயே போனேன்.

எங்கள் வகுப்பின் பின்சுவரில் உயிரெழுத்துகள் படத்தோடு எழுதியிருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே ஓர் ஆணி, பிள்ளைகள் பை மாட்ட. முதல் வருடம் ஜூனில் சாமிக்கு ‘ஔ’வுக்குக் கீழே இருக்கிற ஆணியைக் கொடுத்திருந்தேன், ஔவையாரின் கோலுக்கு நேர் கீழே. ஓரத்தில் இருக்கும், இடிபடாது என்பதற்காக. ஒரு வாரம் கையைப் பிடித்து மாட்டக் கற்றுக்கொடுத்தேன். அதற்கப்புறம் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. ‘ஐந்து மாதத்தில் அவனுக்கு ஒன்றுமே ஏறவில்லை’ என்று தலைமையாசிரியரிடம் சொன்னபோதும் அந்த ஆணி என் கணக்கில் இல்லை.

சாமி அந்தச் சுவருக்கு நேராகப் போய் நின்றான். அந்த ஆணியில் இப்போது வேறு பை. அந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணுடையது. கொஞ்ச நேரம் பையையே பார்த்தான். இழுத்துப் போடப்போகிறான் என்று நான் கையை நீட்டிவிட்டேன். அவன் இரண்டு கையாலும் அதைத் தூக்கி எடுத்தான், குனிந்து கீழே சுவரோரமாகச் சாய்த்து வைத்தான். சாய்ந்து விழுந்தது, மறுபடி நிமிர்த்தி வைத்தான். அப்புறம் மஞ்சப்பையின் இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்து ஆணியில் மாட்டினான். ஒரு காது வழுக்கியது. அதையும் மாட்டினான். மாட்டிவிட்டுத் திரும்பி, முன்பு உட்காருகிற இடத்தில், ஜன்னல் நிழல் விழுகிற இடத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தியதாக அவனுக்கு யாரும் சொல்லவில்லை போல. அவனைப் பொறுத்தவரை அவன் ஆணி அங்கேயே இருந்தது.

அந்தச் சின்னப் பெண் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “டீச்சர், அது என் ஆணி” என்றாள். நியாயம்தானே. “ஒனக்கு வேற ஆணி அடிச்சித் தரேன்” என்றேன். தொண்டை அடைத்துக்கொண்டதால் அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை. வெளியே சாமியின் அம்மா பொங்கல் ஆறுகிறது என்று தட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

கொண்டி

பின்னால் வட்டார வள மையத்தில் நடந்த முகாமுக்கு நானும் கூடப் போனேன். ஆட்டிசத்தை அளக்க நம் நாட்டிலேயே உருவாக்கிய அளவுகோல் ஒன்று இருக்கிறது: 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை. மேலே போகப்போகப் பாதிப்பு அதிகம் என்று அர்த்தம். பரீட்சையில் மதிப்பெண் கூடினால் சந்தோஷப்பட்டே பழகிய எனக்கு அந்தத் தாளைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. கண்ணைப் பார்க்கிறானா, சிரித்தால் சிரிக்கிறானா என்று கேட்டுக்கொண்டே போனார்கள். கடைசிப் பகுதியில், அசாதாரணமான நினைவாற்றல் ஏதாவது உண்டா என்றும் ஒரு கேள்வி. அவன் அம்மா என்னைப் பார்த்தார். நான் ஆணியைப் பற்றிச் சொன்னேன். அதற்கும் மதிப்பெண் விழுந்தது. அரசுத் தாள்களில் இதற்குப் ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்’ என்று எழுதுவார்கள். புற உலகத்தில் ஓர் ஆணி எங்கே இருந்தது என்று எங்கள் பள்ளியில் அவன் ஒருவனுக்குத்தான் ஞாபகம் இருந்தது. பெயர் வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

காட்பாடி ஸ்டேஷனில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மருத்துவ ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்குகிற குடும்பங்களைப் பார்க்கலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தேடிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் ரயிலில் வருகிறார்கள். முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கிற சாமியை ஏழு வயது வரை எந்த மருத்துவரும் இதற்காகப் பார்க்கவில்லை. டவுனில் இருக்கிற ஒரு சிறப்புப் பள்ளியைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன், போய் வந்தார். நல்ல பள்ளிதான் என்றார். இரண்டு பஸ் மாற வேண்டும், கொண்டுபோய் விட்டால் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார வேண்டும். “பஸ்ஸு ஃப்ரீதான் டீச்சர், பொழுது ஃப்ரீயா?” என்று கேட்டார். பீடி சுற்றாத நாள் கூலி இல்லாத நாள். சிலருக்குச் சிறப்புப் பள்ளிதான் சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘இவனுக்கு அங்கேதான் லாயக்கு’ என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்ளும்போது எனக்கு இப்போது கோபம் வருகிறது. அதில் பாதி, வேலையைத் தள்ளிவிடுகிற பேச்சு. எனக்குத் தெரியும், நானே பேசியிருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் என்ன மாறியது என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டுக்குக் கொண்டி போடத் தீர்மானம் போட்டோம். வெல்டிங் கடைக்காரர் 450 ரூபாய் வாங்கினார். அரை மணி நேர வேலை.

மற்றதெல்லாம் ஐ.இ. டீச்சர் சொல்லிக்கொடுத்தது. பழைய தினசரிக் காலண்டர் அட்டையில் படம் ஒட்டி, இப்போது பாட்டு, அடுத்து எழுத்து, அடுத்து சாப்பாடு என்று வரிசை காட்டினோம். ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தை அவனே எடுத்து டப்பாவில் போடுவான். கைதட்டல் ஆரம்பிப்பதற்கு முன் அவனுக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான், ஓட மாட்டான். தாங்கவில்லை என்றால் வராண்டாவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார அவனுக்கு அனுமதி. முதலில் மற்ற பிள்ளைகளும் “எனக்கும் சத்தமா கீது டீச்சர்” என்று கிளம்பினார்கள், ஒரு வாரத்தில் அலுத்துப்போனது. என் சொந்த மூளையில் உதித்த வைத்தியமும் ஒன்று உண்டு. பெல் சத்தத்துக்குப் பயப்படுகிறானே, அவன் கையாலேயே பெல் அடிக்கச் சொன்னால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். தண்டவாளத் துண்டை ஒரு தட்டுத் தட்டினான், சுத்தியலைக் கிணற்றடிக்கு வீசினான், மூன்று நாள் பள்ளிப் பக்கம் வரவில்லை. அதோடு என் கண்டுபிடிப்புகளை நிறுத்திக்கொண்டேன்.

இன்றைக்கும் அவன் அரை நாள் பையன்தான். நான்காம் வகுப்பு வந்துவிட்டான். தன் பெயரை எழுதுகிறான், நூறு வரை எண்ணுகிறான், பஸ் நம்பர் எல்லாம் தெரியும். வாக்கியம் பேசுவது எப்போதாவது. சில நாள் கடித்துவிடுவான். என் முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. ஒரு பெற்றோர் வந்து “எங்க புள்ளைங்க படிப்பு கெடுது” என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஒருத்தி மூன்று வகுப்பு நடத்திக்கொண்டு சாமியையும் பார்த்தால் யாருக்காவது ஏதாவது குறையத்தான் செய்கிறது.

ஐ.இ. டீச்சருக்கு வாரம் ஒரு நாள்தான் எங்களுக்கு முடிகிறது. சிறப்புக் குழந்தைகள் தொடக்க நிலையில் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் சொன்னது. 2025 மார்ச்சில், அந்தப் பணியிடங்களை அறிவித்து நிரப்புங்கள் என்று மாநிலங்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 2024-25-ல் ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்விக்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது. பெரிய இடத்துச் சண்டை. இந்த டீச்சர் மாதிரி ஆட்களுக்கெல்லாம் அந்தத் திட்டத்திலிருந்துதான் சம்பளம். “ஒண்ணாம் தேதி வருமா டீச்சர்?” என்று அவர் கேட்டுக்கொண்டே சாமிக்குப் படம் வெட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளி. ஒரு நாள் அவர் வருகிறார். மீதி நான்கு நாள் சாமிக்கு என்ன ஏற்பாடு என்று ஒரு தாளிலும் இல்லை. அந்த நான்கு நாளைத்தான் நான் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பினேன். இன்றைக்கு அந்த நான்கு நாளில் நானும், அந்தக் கொண்டியும், காலண்டர் அட்டையும் இருக்கிறோம்.

“அஞ்சாவது முடிச்சா எங்க டீச்சர்?” என்று அவன் அம்மா இப்போது அடிக்கடி கேட்கிறார். நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டர் தள்ளி. அங்கே நானூறு பிள்ளைகள், ஆளுக்கொரு பீரியட் ஆசிரியர்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாட விலக்கு, கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகையெல்லாம் உண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். அவர் தலையாட்டுவார். ஆறாம் வகுப்பின் முதல் நாள் அவன் பையை எங்கே மாட்டுவான் என்பதுதான் அவருக்குக் கவலை. எனக்கும் அதற்குப் பதில் இல்லை.

அந்த 2023 செப்டம்பரில் நடந்த ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். சாமி தினமும் வர ஆரம்பித்து மூன்றாவது வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை, காய்ச்சல் என்று அவன் அம்மா பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். வகுப்பில் உட்கார்ந்து போனில் வருகைப் பதிவு செய்துகொண்டே வந்தேன். அவன் பெயர் வந்ததும் விரல் பழக்கத்தில் வந்திருக்கிறான் என்றே போட்டுவிட்டது. பின்சுவரைப் பார்த்தேன். ‘ஔ’வுக்குக் கீழே ஆணி சும்மா இருந்தது. மறுபடி அவன் பெயருக்குப் போய் மாற்றினேன். பத்து மணிக்குத் தலைமையாசிரியர் தன் போனைப் பார்த்துக்கொண்டே வகுப்பு வாசலுக்கு வந்தார்.

“இன்னா டீச்சர், சாமிக்கு ஆப்சென்ட் போட்டுக்கீறீங்க?”

“வரல சார்” என்றேன்.